"உருட்டவா அண்ணே?": பேச்சுக்கும் அறிவுக்கும் பகடை எதற்கு?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற, வாயாலேயே கதை கட்டி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காவல்காரன் எங்கள் மானத்தை வாங்கினான். கதை நடக்கும் வருஷம் 1640. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி. மகால் கட்டி நாலு வருஷம்தான் ஆகிறது. கேரக்டர்கள் நாலு பேர் இருட்டிய பிறகு கோட்டையின் கீழவாசலுக்கு வந்து சேர்கிறார்கள். கதவு சாத்தியாகிவிட்டது. விடிவதற்குள் உள்ளே போயாக வேண்டும். (இன்றைக்குக் கோட்டையும் இல்லை, அகழியும் இல்லை. கீழவாசல் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.)

வளையல் வியாபாரியாக ஆடும் கல்லூரி மாணவி கேட்டாள்: "அண்ணே, நான் அவர்ட்ட பேசிப் பாக்குறேன். உருட்டவா?"

"உருட்டும்மா. 15 வேணும்."

20 முகப் பகடையில் 4 விழுந்தது. "விட மாட்டேங்குறான்" என்றேன். உடனே அடுத்தவர், "அப்ப நான் பேசுறேன்." 7. மூன்றாமவர் 11. நாலாவது ஆளுக்கு 19 விழுந்தது. "சரி, போங்க" என்று கதவைத் திறந்துவிட்டான் காவல்காரன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உறுத்தலாக இருந்தது. நாலு பேரும் அவனிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். சொல்லப்போனால் யாரும் எதையும் சொல்லவே இல்லை, "பேசுறேன்" என்பதோடு சரி. முதல் மூன்று பேருக்கு மூடியிருந்த மனசு நாலாவது ஆளுக்குத் திறக்க அங்கே என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. தப்பு பகடையுடையது இல்லை, என்னுடையது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே கட்டுகிற கதை. ஒவ்வொருவரும் ஒரு கேரக்டர். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். எங்கள் மாடியில் அது நான். ஊர், வானிலை, எதிரி, டீக்கடைக்காரர், காவல்காரன் எல்லாமே அவர்தான். தாயம் மாதிரி கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் பகடை.

அந்தச் சந்தேகம் யாருக்கு வர வேண்டும் என்பதில்தான் சிக்கல். கத்திச் சண்டை என்றால் விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். சண்டையை மாடியில் நிஜமாகப் போட முடியாது, அதனால் மொத்தத்தையும் எண்ணாக்கித்தான் தீர வேண்டும். பேசுவதும் யோசிப்பதும் அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கிற எல்லாராலும் அதை அங்கேயே செய்ய முடியும். அப்புறம் எதற்குப் பகடை என்று ஒரு கட்சி. பகடை இல்லாவிட்டால் வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று இன்னொரு கட்சி. இந்த இழுபறி ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே உண்டு.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது, பேசித் தீர்ப்பதற்கு அதில் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு சின்ன அட்டவணை. ரெண்டு ஆறுமுகப் பகடையை உருட்டு. கூட்டுத்தொகை 5 வரை என்றால் எதிராளி முறைக்கிறான், 6 முதல் 8 வரை என்றால் யோசிக்கிறான், 9 அல்லது அதற்கு மேலே என்றால் இணங்கி வருகிறான். எனக்கு இந்தப் பழைய முறை மேல் ஒரு மரியாதை உண்டு. அது எதிராளி என்ன மனநிலையில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மிச்சத்தை நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு நேர் எதிர்ப்பக்கம் போனது. சமரசம் பேசுவது, புளுகுவது, மிரட்டுவது என்று தனித்தனித் திறன்கள், தனித்தனி எண்கள். பகடையில் விழுந்ததோடு அந்த எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். பகையாளியை நண்பனாக்க 35 எடுத்தால் போதும் என்று அட்டவணையே சொன்னது. கேட்க எட்டாத எண்ணாகத் தெரியும். ஆனால் புள்ளிகளை எல்லாம் பேச்சுத் திறனிலேயே கொட்டி வளர்த்த கேரக்டர் ஒரு கட்டத்தில் அதை எட்டிவிடும். அதன் பிறகு எந்த அரசனிடமும் ஒரு நிமிஷம் நின்று பேசினால் போதும், அவன் மடங்கிவிடுவான். அரசனுக்கு என்று ஒரு குணம் இருப்பதே அந்த அட்டவணைக்குத் தெரியாது.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்தக் குறை சட்டென்று பிடிபடும். நம்ம ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர் கொடுத்த மாட்டுத்தாவணியே ஒரு காலத்துச் சந்தைதான். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விற்பவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டுக்குள்ளே நடப்பதில் சாமர்த்தியப் பேச்சுக்கு இடம் குறைவு. இவருக்கு இன்றைக்கே பணம் வேண்டுமா? மாட்டைத் திரும்ப ஓட்டிப் போக மனசு இருக்கா? எந்த விலைக்குக் கீழே இறங்கவே மாட்டார்? தரகர் தேடுவது இந்த மூன்றையும்தான். இது தெரிந்துவிட்டால் வாய் தானாக அமையும். தெரியாவிட்டால் எவ்வளவு இனிக்கப் பேசியும் மாடு கைமாறாது.

என் காவல்காரனுக்கு இந்த மூன்றுமே இல்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. அதனால் பகடை எதன் மேலே விழுவது என்று தெரியாமல் காற்றில் விழுந்தது.

மறுவாரம் உட்கார்ந்து அவனை எழுதினேன், மூன்றே வரி. வேண்டியது: சம்பள பாக்கி மூன்று மாதம் நிற்கிறது, கையில் காசில்லை. பயம்: விடிகாலையில் மேலதிகாரி சுற்றி வருவார். எல்லை: பெரிய கதவைத் தலை போனாலும் திறக்க மாட்டான், ஆனால் கதவில் ஒரு திட்டிவாசல் இருக்கிறது, குனிந்து போனால் ஓர் ஆள் நுழையலாம். இப்போது அதே காட்சியை யோசித்துப் பாருங்கள். "பெரிய கதவைத் திற" என்று எவ்வளவு கெஞ்சினாலும் பகடைக்கே வேலை இல்லை, நடக்காது. "திட்டிவாசல் வழியா ஒவ்வொருத்தரா போய்க்கிறோம், இந்தாங்க பணம், விடியறதுக்குள்ள தடயமே இருக்காது" என்றால் அப்போதும் பகடை வேண்டாம், விட்டுவிடுவான். "பணம் நாளைக்குத் தர்றோம்" என்றால்தான் சந்தேகம் வருகிறது. நம்புவானா மாட்டானா? எனக்கே தெரியவில்லை. உருட்டு.

நான் சொல்ல வந்ததும் இதுதான். எதிராளியின் மனசில் ஜிஎம்முக்கே தெரியாத ஒரு மூலை இருக்கும்போதுதான் பேச்சுக்குப் பகடை உருட்ட வேண்டும். தெரிந்த இடத்தில் உருட்டினால், எழுதி வைத்த குணத்தை நாமே அழிக்கிறோம்.

விதி எழுதுகிறவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 திருத்தப் பதிப்பு எதிராளியை மூன்றாகப் பிரிக்கிறது: இணங்குகிறவன், மறுக்கிறவன், தயங்குகிறவன். முதல் ரெண்டு பேருக்கும் பகடையே கிடையாது. தயங்குகிறவனுக்கு மட்டும்தான் உருட்டல். இலக்கு 15, அல்லது அவனுடைய அறிவு எண், எது பெரிதோ அது. தோற்றால் அதே வழியில் மறுபடி கேட்க 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். கீழவாசலில் எனக்கு முதலில் தேவைப்பட்டது இந்தக் கடைசி வரிதான்.

ஏனென்றால் கணக்கு அப்படி. கூடுதல் புள்ளி எதுவும் இல்லாதவர் 20 முகப் பகடையில் 15-ஐத் தொட வாய்ப்பு 30 சதவீதம். நாலு பேர் வரிசையாக உருட்டினால், ஒருவராவது தொட்டுவிட 76 சதவீதம். கஷ்டமான காரியம் என்று நினைத்து நான் 15 வைத்தேன், "நானும் நானும்" என்று கை நீட்டியே அதைச் சுலபமாக்கிவிட்டார்கள். இப்போது ஒருவர்தான் பேசுவார், ஒருவர்தான் உருட்டுவார். மற்றவர் உருப்படியாக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால், பேசுகிறவர் ரெண்டு பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். அப்படியும் 51 சதவீதம்தான். விழுந்தது விழுந்ததுதான், சூழ்நிலை மாறாமல் மறு உருட்டல் இல்லை.

தோற்றால் என்ன என்பதையும் உருட்டுவதற்கு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. வெறும் "முடியாது" என்பது கதையை நிறுத்திவிடும், அதன் பிறகு எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். 2010-இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபோகாலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. ரெண்டு ஆறுமுகப் பகடை. 10 அல்லது அதற்கு மேலே என்றால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் ஜிஎம் கை ஓங்கும். நடுவில் 7 முதல் 9 வரை விழுந்தால், எதிராளி "சரி, ஆனா இப்பவே ஏதாவது உறுதி குடு" என்பான். கூடுதல் புள்ளி இல்லாமல் உருட்டினால் முழு வெற்றி 17 சதவீதம், நடுவாந்திரம் 42 சதவீதம். அந்த 42-இல்தான் ஆட்டமே இருக்கிறது. என் காவல்காரனுக்கு நடுவில் விழுந்திருந்தால், வளையல் பெட்டியை அடகாக வாங்கி வைத்துக்கொண்டு விட்டிருப்பான். அந்தப் பெட்டியை மீட்கவே இன்னொரு சனிக்கிழமை போயிருக்கும்.

வாயுள்ளவர், வாயில்லாதவர் பிரச்னைக்கு வருவோம். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் விற்பனைத் துறையில் இருபது வருஷம் இருந்தவர். செத்த மாட்டையும் விற்றுவிடுவார். வளையல்காரியாக ஆடும் தங்கச்சி நாலு பேர் பார்த்தால் குரல் உள்ளே போய்விடுகிற பிள்ளை. பேச்சைக் கேட்டு மார்க் போட்டால் அண்ணன்தான் எப்போதும் ஜெயிப்பார், அவருடைய கேரக்டர் ஊமை முரடனாக இருந்தாலும் சரி. யானைமலை மேல் ஏறுகிறேன் என்று ஒருவர் சொன்னால், எங்கே, என் வீட்டு மதில் மேல் ஏறிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அதனால் வசனம் கேட்பதை விட்டுவிட்டேன். ரெண்டே ரெண்டு கேள்வி: "அவர்ட்ட என்ன வேணும்?", "எதச் சொல்லி வாங்கப் போற?" தங்கச்சி மெதுவாக, "அவருக்குச் சம்பளம் வரலைன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டோம்ல, அதப் பத்தி ஆறுதலா கேட்டு ஆரம்பிப்பேன்" என்றாள். வசனம் இல்லை, ஆனால் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். இலக்கு 15-இலிருந்து 10-க்கு இறங்கியது. அண்ணன் மேடைப் பேச்சு மாதிரி அஞ்சு நிமிஷம் பொழிந்தால் எல்லாரும் ரசிப்போம், கைதட்டுவோம், இலக்கு அப்படியே இருக்கும்.

பகடையே வேண்டாத பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டாம். கண்ணகி பாண்டியன் சபையில் நின்றது போதும். அவள் அழகாகப் பேசியதால் வழக்கு ஜெயிக்கவில்லை. என் சிலம்பில் மாணிக்கப் பரல் என்றாள், அரசியின் சிலம்பில் முத்து என்று அரசனே ஒத்துக்கொண்டான், உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. எந்த ஜிஎம்மாவது அந்த இடத்தில் "உருட்டும்மா" என்றால் அவரை எழுப்பி அனுப்பிவிடலாம். அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். கேட்டது நீதி, அரசனோ அங்கேயே உயிரை விட்டான். எந்த அளவுக்கு ஜெயித்தது என்பதைத் தீர்மானித்தது அந்த அரசனின் குணம். வேறொரு அரசனாக இருந்திருந்தால் பொற்கொல்லனை மட்டும் தண்டித்துவிட்டு இழப்பீடு கொடுத்து அனுப்பியிருப்பான்.

ஆளைப் படிப்பது இன்னொரு வகை. "அவன் பொய் சொல்றானா? உருட்டுறேன்" என்பார்கள். 3 விழும். நான் "உண்மையத்தான் சொல்றான்" என்றால், 3 விழுந்ததை அவரும் பார்த்தாரே, நம்பவா போகிறார்? சில ஜிஎம்கள் இதை மறைத்து உருட்டுவார்கள். நான் தீர்ப்பே சொல்வதில்லை, கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். நன்றாக விழுந்தால்: "பேசும்போது பார்வை திண்ணைக்கு அடியில போய்ப் போய் வருது, இடது கைய மடியிலேருந்து எடுக்கவே இல்ல." சுமாராக விழுந்தால்: "ஏதோ அவசரத்துல இருக்கான்." ரெண்டுமே உண்மை. எது பொய் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். ஆட்டக்காரர் ஒருவர் இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரைப் பேசி மடக்க உருட்டுகிறேன் என்றால், அதற்கு எங்கள் மாடியில் இடமே இல்லை. வீட்டுக்குப் போகும்போது முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

அறிவுச் செயல்கள் இதற்கு நேர் தலைகீழ். காவல்காரன் விடுவானா என்பது எனக்கே தெரியாது. ஆனால் மண்டபத் தூணில் இருக்கிற முத்திரை யாருடையது என்பது எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். அதை அவர்கள் தெரிந்துகொண்டால்தான் கதையே நகரும். அப்படியிருக்க அதைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டி வைப்பது மாதிரி.

இந்தப் பூட்டில் அதிகம் மாட்டியது துப்பறியும் ஆட்டங்கள். 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்லு சதவீதப் பகடையில் நடக்கும் (1 முதல் 100 வரை உருட்டு, திறன் எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி), அதில் நூலகத்தில் தேடுவதற்கே தனித் திறன் உண்டு. திறன் 40 என்றால் பத்தில் ஆறு தடவை புத்தகம் கையில் சிக்காது. அந்தப் புத்தகத்தில்தான் அடுத்த ஊரின் பெயர் இருக்கிறது என்றால், முடிந்தது கதை. அப்புறம் ஜிஎம் வழிந்துகொண்டு, "கீழ விழுந்த ஒரு துண்டுச் சீட்டு..." என்று ஆரம்பிப்பார். நானும் அந்தத் துண்டுச் சீட்டைப் பல தடவை விழ வைத்திருக்கிறேன். 2007-இல் ராபின் லாஸ் கம்ஷூ என்ற முறையைக் கொண்டுவந்து இந்த முடிச்சை அவிழ்த்தார். சரியான இடத்துக்கு, சரியான திறனோடு போய்த் தேடினால், கதைக்கு அவசியமான துப்பு உருட்டாமலே கிடைக்கும். துப்பைக் கண்டுபிடிப்பதை விட, கிடைத்த துப்பை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம் என்பது அவர் வாதம். உருட்டியே ஆக வேண்டும் என்கிறவர்கள் ஒரே விஷயத்துக்கு மூன்று இடத்தில் துப்பு வைக்கலாம். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்றால்கூட மூன்றும் தவறிப்போக வாய்ப்பு 12.5 சதவீதம்தான்.

கேரக்டருக்கு எப்படியும் தெரிந்திருக்கும் விஷயத்தை நான் உருட்டச் சொல்வதில்லை. கோயில் பிரகாரத்தில் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. இதைச் சொல்ல மதுரையில் பிறந்த ஒருவன் பகடை உருட்டினால் ஊர் சிரிக்கும். வெளியூர்க் குதிரை வியாபாரி என்றால், அவனுக்கு உருட்டினாலும் தெரியப் போவதில்லை. உழைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றால் பகடைக்கு ஒரு வேலை உண்டு: தகவல் எப்படியும் கிடைக்கும், என்ன விலைக்கு என்பதை அது சொல்லட்டும். பழைய ஓலைகளைப் புரட்ட ஒரு ராத்திரி போதுமா, மூன்று நாள் ஆகுமா? விசாரித்தது யார் காதுக்கெல்லாம் எட்டியது? எட்டக் கூடாத ஒருவர் காதுக்கு எட்டியிருந்தால் அதுவே அடுத்த வாரக் கதை.

உருட்டல் மோசமாக விழுந்தால் தப்பான தகவல் கொடுக்கலாம் என்பார்கள். நான் செய்வதில்லை. ஆட்டக்காரர்களுக்கு அந்த உலகத்தைப் பார்க்க இருக்கும் ஒரே கண் ஜிஎம்மின் வாய். காவல்காரன் பொய் சொல்லலாம், கல்வெட்டுகூடப் பொய் சொல்லலாம், நான் சொல்லக் கூடாது.

போன மாதம் கேரக்டர்கள் மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் மலைக்கு ஏறினார்கள். நிஜத்தில் அங்கே குகைத்தளத்தில் இருக்கும் தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்துகளை ராபர்ட் சீவெல் கண்டறிந்தது 1882-இல். அதில் வரும் நெடுஞ்செழியன் என்ற பெயரைச் சங்க காலப் பாண்டியனோடு கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் சேர்த்துவைத்தது 1965-இல். துறவிகளுக்குப் பள்ளி (தங்குமிடம்) அமைத்துக் கொடுத்த செய்தியோடு வெள்ளறை வணிகர் நிகமமும் (வணிகர் சங்கம்) அந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. கண்ணில் படுவது வேறு, எழுத்து பிடிபடுவது வேறு, பெயர் யாருடையது என்று தெளிவது வேறு. நடுவில் 83 வருஷம். ஒரே உருட்டலில் "படித்துவிட்டாய்" என்று சொல்வது எவ்வளவு மலிவு என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

தங்கச்சி பாறையின் மேல் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள், அதாவது பிடித்ததாகச் சொன்னாள். "அண்ணே, மேல ஏதோ எழுதியிருக்கு. படிக்க உருட்டவா?"

"வேணாம்மா. இது 1640. இந்த எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச ஆளு உசுரோட ஒருத்தரும் இல்ல."

அவள் முகம் வாடியது. "ஆனா நீ வளையல் விக்கிறவ, விளக்கு வெளிச்சத்துல சரக்கு பாத்துப் பழகுன கண்ணு. எழுத்துக்குக் கீழ கல்லுப் படுக்கை இருக்குல்ல, அதுல எண்ணெய்க் கறை. தொட்டுப் பாத்தா இன்னும் பிசுபிசுங்குது."

மேலே எழுதியிருந்ததை அதோடு மறந்துவிட்டார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "விளக்க அமத்தும்மா" என்றார்.